கரிசல் வறண்ட நிலத்து ஊர்திகளும் பற்சக்கர எண்ணெய்த் தேர்வும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் நிலத்தில் உழவும் சரக்குப் போக்குவரத்தும் இன்று டிராக்டரையும் சரக்குந்தையும் சார்ந்துள்ளன. இவ்வூர்திகளின் கியர் பெட்டிக்கும் பின்னச்சு டிபரன்சியலுக்கும் ஊற்றப்படும் எண்ணெயைத் ‘தொண்ணூறு’, ‘நூற்று நாற்பது’ என எண்ணால் மட்டும் சுட்டிக் கேட்டு வாங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்த எண் எண்ணெயின் பாகுநிலையை மட்டுமே உணர்த்தும். அதன் வேதியியல் தகுதியை உணர்த்தாது. பாகுநிலை, வேதியியல் தகுதி என்னும் இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள் என்பதையும், முன்னதை வெப்பமும் சுமையும், பின்னதைப் பல்லின் அமைப்பும் உலோகமும் தீர்மானிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கரிசல் நிலம், டிராக்டர், கியர் பெட்டி, டிபரன்சியல், உயவு எண்ணெய், பாகுநிலை, மிகையழுத்தச் சேர்க்கை.

முன்னுரை

ஊர்தியின் இயந்திரத்திற்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றி உரிமையாளர் பலரும் கவனம் கொள்கின்றனர். அதன் அளவைக் கோல் கொண்டு பார்க்க இயலும். அது கறுப்பதைக் கண் காணும். கியர் பெட்டியிலும் டிபரன்சியலிலும் உள்ள எண்ணெயோ மூடிய இரும்புக் கூட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடப்பது. அது குறைந்ததும் கெட்டதும் பெரும்பாலும் ஓசை எழுந்த பின்னரே தெரியவருகின்றன. ஓசை எழும் நிலையில் பல் தேய்ந்திருக்கும். பின்னர் எண்ணெயை மாற்றினாலும் தேய்ந்த உலோகம் மீள்வதில்லை.

வானம் பார்த்த பூமியில் இவ்விழப்பு பழுதுச் செலவோடு முடிவதில்லை. மழைக்குப் பின் மண்ணில் உழவுப் பதம் நிற்கும் நாள்கள் மிகச் சில. அந்நாள்களில் டிராக்டர் பட்டறையில் நின்றால், அதனை நம்பியிருந்த பல நிலங்களின் விதைப்பு பிந்தும். எனவே எண்ணெய்த் தேர்வு இங்கு வேளாண்மையோடு நேரடித் தொடர்புடைய பொருளாகிறது.

1. நிலமும் ஊர்தியும்

1985ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அமைந்துள்ளன. குண்டாறு இவ்வட்டாரத்தின் வழியே சென்றாலும் அது ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அன்று. கண்மாய்ப் பாசனம் வாய்க்காத கரிசல் நிலங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியே பருத்தி, சோளம், கம்பு, மக்காச்சோளம், பயறு வகைகள் ஆகியவற்றை விளைவிக்கின்றன.

இந்நிலத்தில் ஊர்தி மூவகைச் சுமைகளை எதிர்கொள்கிறது. முதலாவது, கோடை உழவும் மழைக்கு முந்தைய விதைப்பிற்கான உழவும். காய்ந்து இறுகிய கரிசலைக் கலப்பை பிளக்கும்போது டிராக்டர் குறைந்த வேகத்திலும் மிகுந்த முறுக்குவிசையிலும் மணிக்கணக்கில் இயங்குகிறது. இரண்டாவது, மழைக்குப் பிந்தைய வேலை. ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு சக்கரம் பிடிப்பிழந்து சுழல, மற்றொன்று அசையாது நிற்கும். மூன்றாவது, சரக்குப் போக்குவரத்து. சீமைக் கருவேலங்கரி, பருத்தி, தானியம், கண்மாய் வண்டல் ஆகியவை ஏற்றிய வண்டிகள் மண்பாதையிலிருந்து மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை வரை செல்கின்றன.

கோடையில் காற்றின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்வதுண்டு. மார்கழிக் குளிரிலும் உறைநிலை என்பது இங்கு இல்லை. எண்ணெய்த் தேர்வில் இவ்வுண்மை முதன்மையானது என்பது பின்னர்த் தெளிவாகும்.

2. இரு பெட்டிகள், இரு வேறு பணிகள்

கியர் பெட்டியும் டிபரன்சியலும் பற்சக்கரங்களால் ஆனவையே. எனினும் அவற்றுள் எண்ணெய் ஆற்ற வேண்டிய பணி ஒன்றன்று.

இன்றைய மகிழுந்துகளிலும் பல சரக்குந்துகளிலும் கியர் பெட்டியின் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கும். ஓட்டுநர் கியர் மாற்றும்போது உரிய பற்சக்கரம் தண்டோடு பிணைக்கப்படுகிறது. அதற்கு முன் இரண்டின் வேகமும் சமமாக வேண்டும். இதனைச் செய்வது சிங்க்ரோனைசர் வளையம். பெரும்பாலும் பித்தளையால் ஆன இவ்வளையம் ஒரு கூம்பின் மீது அழுந்தி, உராய்வினால் வேகத்தைச் சமப்படுத்துகிறது. ஆகவே கியர் பெட்டியின் எண்ணெய் பற்களை வழுக்கச் செய்ய வேண்டும். வளையத்தை அளவுக்கு மீறி வழுக்கச் செய்யலாகாது. அது செம்புக் கலவை உலோகத்தை அரிக்கவும் கூடாது.

டிபரன்சியலின் நிலை வேறு. அங்குப் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் கிரவுன் என்னும் பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனுக்கு 11 பற்களும் கிரவுனுக்கு 41 பற்களும் இருப்பின், பினியன் ஏறத்தாழ 3.73 முறை சுழன்றால் கிரவுன் ஒருமுறை சுழலும். முறுக்குவிசையும் ஏறத்தாழ அதே மடங்கு பெருகும். இப்பெருக்கம் முழுவதையும் எந்த நொடியிலும் சில பற்களே தாங்குகின்றன.

பல மகிழுந்துகளிலும் சரக்குந்துகளிலும் பினியனின் அச்சு கிரவுனின் மையத்திற்குக் கீழே விலக்கி அமைக்கப்படுகிறது. இவ்வமைப்பு ஹைபாய்டு எனப்படும். அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1926இல் தன் மகிழுந்துகளில் இதனைப் பயன்படுத்தியது. அச்சு விலகலால் பினியனைப் பெரிதாக அமைக்கலாம், தண்டையும் தாழ்த்தலாம். ஆனால் பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு நில்லாமல் நீளவாக்கிலும் சறுக்குகின்றன. பெரும் அழுத்தத்தோடு சறுக்கலும் சேரும் அவ்விடத்தில் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறுகிறது. உலோகத்தோடு உலோகம் தொடும் நிலை ஏற்படுகிறது.

கிரவுனுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களின் பணியையும் இங்குக் கருத வேண்டும். நேர்ச்சாலையில் அவை தம் அச்சில் ஏறத்தாழ அசைவதே இல்லை. ஈரக் கரிசலில் ஒரு சக்கரம் மட்டும் சுழலும்போது அவை தாங்கு தண்டின்மீது விரைந்து சுழன்று தேய்கின்றன. டிபரன்சியல் பூட்டு உள்ள டிராக்டரில், சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதன்றி நின்ற நிலையில் அதனை இட்டு, நேராகச் சென்று வெளியேறுவது இத்தேய்மானத்தைத் தவிர்க்கும் வழியாகும். பூட்டை இட்டபடியே திரும்புதல் கூடாது.

3. எண் உணர்த்துவது: பாகுநிலை

எண்ணெய் ஓடுவதற்குக் காட்டும் தடையே பாகுநிலை. பற்சக்கர எண்ணெய்களின் பாகுநிலையை எஸ்.ஏ.இ. ஜெ306 என்னும் தரநிலை வகைப்படுத்துகிறது. 80டபிள்யூ-90 என்னும் குறியீட்டில் இரு செய்திகள் உள்ளன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 75டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலும், 80டபிள்யூ 26 டிகிரியிலும், 85டபிள்யூ 12 டிகிரியிலும் 1,50,000 சென்டிபாய்ஸ் என்னும் வரம்பைக் கடவாமல் ஓடும் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையில் இயங்கும் ஊர்திக்கு உறைகுளிர் பற்றிய இந்த உறுதி தேவைப்படுவதில்லை. எனவே இவ்வட்டாரத்தில் முதன்மையாகக் கருத வேண்டியது இரண்டாவது எண்ணே. அது 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெய் கொண்டிருக்கும் பாகுநிலையைக் குறிக்கிறது. 90 என்பது 13.5 முதல் 18.5 வரையிலும், 110 என்பது 18.5 முதல் 24 வரையிலும், 140 என்பது 24 முதல் 32.5 வரையிலும் உள்ள சென்டிஸ்டோக்ஸ் அளவுகளை உணர்த்தும்.

இவற்றுள் 110 என்னும் வகை 2005இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் 90 என்பது 13.5 முதல் 24 வரை விரிந்திருந்தது. ஆகவே பழைய டிராக்டரின் கையேட்டில் உள்ள ‘90’ என்னும் எண், இன்று 90 என்றும் 110 என்றும் தனித்தனியே விற்கப்படும் இரு வகைகளையும் தழுவியதாக இருக்கலாம்.

இயந்திர எண்ணெயின் எண்ணையும் பற்சக்கர எண்ணெயின் எண்ணையும் ஒப்பிடுவது மற்றொரு மயக்கம். இரண்டின் அளவுகோல்களும் வேறு. இயந்திர எண்ணெயில் 40 என்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. பற்சக்கர எண்ணெயின் 90 இவ்விரண்டின் எல்லைக்குள் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. 90 என்பது 40ஐவிட இருமடங்கு தடிப்பானது என்னும் எண்ணம் அதனால் தவறாகும்.

வெப்பம் ஏறப் பாகுநிலை பெரிதும் குறையும். 90 வகைக் கனிம எண்ணெய் ஒன்று 40 டிகிரியில் கொண்டிருந்த பாகுநிலையில், 100 டிகிரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எஞ்சும். இதனைக் கண்டு, வெப்ப நாட்டிற்கு எப்போதும் தடித்த எண்ணெயே ஏற்றது எனக் கருதுவோர் உளர். சுமை மிகுந்த சரக்குந்தின் பின்னச்சிற்கு 85டபிள்யூ-140ஐத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கும்போது அது பொருத்தமானது. அதே எண்ணெயைக் கியர் பெட்டியில் ஊற்றினால், சிங்க்ரோனைசர் வளையத்திற்கும் கூம்பிற்கும் இடையிலிருந்து அது விரைந்து விலகாது. கியர் விழத் தாமதமாகும். பெட்டிக்குள் எண்ணெயைக் கடைவதிலேயே ஆற்றல் வீணாகி, அதுவே வெப்பமாகவும் மாறும். குறுகிய வழிகளைக் கடந்து தாங்குருளைகளை அடையவும் அது காலம் கொள்ளும்.

4. குறியீடு உணர்த்துவது: வேதியியல் தகுதி

எண்ணெய்ப் படலம் கிழியும் இடத்தில் பல்லைக் காப்பது பாகுநிலை அன்று; வேதிவினையே. மிகையழுத்தச் சேர்க்கை எனப்படும் கந்தக, பாசுபரஸ் சேர்மங்கள் பற்கள் உரசி வெப்பமுறும் புள்ளிகளில் இரும்போடு வினைபுரிந்து, மெல்லிய இரும்புச் சல்பைடு, பாசுபேட்டுப் படலங்களை உருவாக்குகின்றன. பல்லுக்கு மாறாக அப்படலம் அறுந்து தேய்கிறது, மீண்டும் உருவாகிறது. டப்பாவின்மீது காணப்படும் ‘இ.பி.’ என்னும் எழுத்துகள் இச்சேர்க்கை உள்ளதை மட்டுமே தெரிவிக்கும். அதன் வலிமையைத் தெரிவிப்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த ஜி.எல். என்னும் குறியீடு.

இவ்வரிசையில் இன்று முதன்மையாக வழக்கிலிருப்பவை ஜி.எல்.-4, ஜி.எல்.-5 ஆகியன. சிங்க்ரோனைசர் இல்லாத கனரகச் சரக்குந்துக் கியர் பெட்டிகளுக்கென எம்.டி.-1 என்னும் தனிவகையும் உண்டு. ஜி.எல்.-4 என்பது கியர் பெட்டிக்கும் மிதமான சுமையுள்ள கூம்புப் பற்சக்கரங்களுக்கும் உரியது. ஜி.எல்.-5 என்பது ஹைபாய்டு டிபரன்சியலின் கடுஞ்சறுக்கலைத் தாங்குவதற்கு உரியது. இதில் மிகையழுத்தச் சேர்க்கை பொதுவாக முன்னதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்கும்.

ஐந்து என்பது நான்கைவிடப் பெரிது, ஆதலின் ஜி.எல்.-5 எல்லா இடத்திற்கும் மேலானது என்னும் முடிவு இங்குதான் பிழையாகிறது. இரும்பைக் காக்கும் அதே கந்தகம், வினைத்திறன் மிக்க வடிவில் இருப்பின், வெப்பத்தில் செம்புக் கலவைகளையும் தாக்கக்கூடும். மேலும் வளையமும் கூம்பும் உராய்ந்து பற்ற வேண்டிய இடத்தில் வழுக்கல் மிகுந்தால் வேகம் சமமாவதில்லை. கியர் மாற்றும்போது எழும் ‘கரகர’ ஓசை அதன் அறிகுறிகளுள் ஒன்று. மறுதலையாக, ஹைபாய்டு டிபரன்சியலில் ஜி.எல்.-4ஐ ஊற்றினால் பல்லின் முகம் உராய்ந்து வடுப்படும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்த்து இணையாக்கப்பட்டவை ஆதலின், ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

80டபிள்யூ-90 என்னும் ஒரே எண்ணில் ஜி.எல்.-4 எண்ணெயும் கடையில் உண்டு, ஜி.எல்.-5 எண்ணெயும் உண்டு. ‘தொண்ணூறு ஆயில்’ என்று மட்டும் கேட்பவருக்கு இரண்டில் எது கிடைக்கும் என்பது அன்று கடையில் இருக்கும் இருப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இதற்கு விலக்குகளும் உள. செம்புக் கலவைக்குத் தீங்கு செய்யாதவாறு அமைக்கப்பட்ட எண்ணெய்கள் சில இரு தகுதிகளையும் ஏற்றவையாக விற்கப்படுகின்றன. சில கியர் பெட்டிகளுக்குத் தயாரிப்பாளரே ஜி.எல்.-5ஐப் பரிந்துரைப்பதும் உண்டு. ஆதலின் பொது விதியைவிடக் குறிப்பிட்ட ஊர்தியின் கையேடே இறுதி ஆதாரமாகும்.

5. டிராக்டரின் பொதுத் தொட்டி

டிராக்டரில் இச்சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. பல வகை டிராக்டர்களில் கியர் பெட்டி, டிபரன்சியல், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு ஆகிய அனைத்திற்கும் ஒரே எண்ணெய்த் தொட்டி. பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகைகளும் உண்டு. பற்களைக் காத்தல், பம்பு வழியே எளிதில் ஓடுதல், பிரேக் தட்டுகள் அதிராமல் பற்ற உதவுதல் என ஓர் எண்ணெய் மூன்று பணிகளை ஆற்ற வேண்டியுள்ளது. இதற்கென உருவானவை பொதுவகை டிராக்டர் எண்ணெய்கள். கடை வழக்கில் அவை ‘வெட் பிரேக் ஆயில்’ எனப்படுகின்றன.

இத்தொட்டியில் சரக்குந்துக்குரிய ஜி.எல்.-5 எண்ணெயை ஊற்றினால் பிரேக் தட்டின் உராய்வு மாறும். பிரேக் கீச்சிடும் அல்லது பிடிப்புக் குறையும். தடித்த எண்ணெயாயின் ஹைட்ராலிக் பம்பு இழுக்கத் திணறும். பெரும்பாலான டிராக்டர்களின் கிரவுன், பினியன் அச்சு விலகாத சுருள்வகைக் கூம்புப் பற்சக்கரங்கள் ஆதலின், ஹைபாய்டுக்குரிய வலிமை அங்குத் தேவைப்படுவதும் இல்லை. பிரேக் வெளியே தனித்து அமைந்த பழைய டிராக்டர்களுக்குக் கையேட்டில் 90 வகை எண்ணெய் குறிக்கப்பட்டிருக்கலாம். ஒரே நிறுவனத்தின் பழைய, புதிய வகைகளுக்கு இடையிலும் இவ்வேறுபாடு அமையக்கூடும். பக்கத்துக் காட்டு டிராக்டருக்கு ஊற்றியதையே ஊற்றுதல் இதனால் பாதுகாப்பான வழி அன்று.

6. தேர்வு முறை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் வரிசை பெறப்படுகிறது.

முதலில், ஊர்தியில் எத்தனை எண்ணெய்த் தொட்டிகள் உள்ளன என்பதை அறிதல் வேண்டும். கியர் பெட்டியும் டிபரன்சியலும் தனித்தனியாயின் தேர்வும் தனித்தனியே அமையும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு தொட்டிக்கும் உரிய ஜி.எல். தகுதியை அல்லது தயாரிப்பாளரின் தனிக்குறியீட்டைக் கையேட்டிலிருந்து எடுத்தல். பித்தளை வளையம், ஹைபாய்டு பல், மூழ்கிய பிரேக் ஆகியவற்றுள் எது உள்ளது என்பதே இத்தகுதிக்கு அடிப்படை.

மூன்றாவதாக, பாகுநிலை. கையேடு வெப்பநிலைக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைத் தந்திருந்தால், இவ்வட்டாரத்திற்கு வெப்பப் பகுதிக்குரிய எண்ணைக் கொள்ளலாம். கையேடு ஒரே எண்ணைத் தந்திருந்தால் அதனை மீறித் தடிப்பைக் கூட்ட வேண்டுவதில்லை.

நான்காவதாக, டப்பாவின்மீது எண்ணும் தகுதியும் ஆகிய இரண்டும் அச்சிடப்பட்டிருப்பதை உறுதிசெய்தல். பெயரற்ற பீப்பாயிலிருந்து சில்லறையாக அளந்து தரப்படும் எண்ணெயில் இவ்விரண்டையும் சரிபார்க்க வழியில்லை. வணிகப் பெயர் இவற்றிற்கு அடுத்த நிலையிலேயே கருதத்தக்கது.

7. தூசியும் நீரும்

சரியான எண்ணெயையும் நிலம் கெடுக்கக்கூடும். பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேற, மேலே ஒரு மூச்சுத்துளை உண்டு. கரிசல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதனை அடைத்தால், உள்ளழுத்தம் எண்ணெயை ஆயில் சீல் வழியே தள்ளும். சீலை மட்டும் மாற்றித் துளையைத் துப்புரவு செய்யாவிடின் கசிவு மீண்டும் வரும். கண்மாய்க்குள் வண்டல் ஏற்றச் சென்ற ஊர்தி நீரில் இறங்கினால், சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்து சீலின் வழியும் மூச்சுத்துளையின் வழியும் நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது நீர் கலந்ததன் அடையாளம். அதனை உடனே மாற்ற வேண்டும்.

எண்ணெய் மாற்றுகையில், வடிதிருகைக் கழற்றுமுன் நிரப்பும் திருகு கழல்கிறதா எனப் பார்த்தல் நன்று. அது இறுகிக் கழலாவிடின், வடித்த பெட்டி வெறுமையாகவே நிற்க நேரும். ஊர்தி சமதளத்தில் நிற்க, எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்தால் அடிக்கசடும் சேர்ந்து வெளியேறும். வடிதிருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் பல்லோ தாங்குருளையோ உடைவதன் அறிகுறி. கியர் பெட்டி எண்ணெயில் பொன்னிறத் துகள் மினுங்கினால் பித்தளை வளையத்தை ஐயுற வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தீங்கே: எண்ணெய் நுரைத்துச் சூடேறி, சீலைத் தாண்டி வெளியேறும்.

முடிவுரை

பற்சக்கர எண்ணெயின் பாகுநிலை எண்ணும் ஜி.எல். தகுதியும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமைவன அல்ல. உறைகுளிர் இல்லாத அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பாகுநிலைத் தேர்வு எளிதானது. பிழை நேரும் வாய்ப்பு பெரிதும் தகுதியிலேயே உள்ளது. ஆயினும் கடை வழக்கில் நிலைத்திருப்பது எண், விடுபட்டுப்போவது தகுதி. ‘தொண்ணூறு ஆயில்’ என்னும் வழக்கோடு ‘கியர் பெட்டிக்கு நான்கு’, ‘டிபரன்சியலுக்கு ஐந்து’, ‘டிராக்டருக்கு வெட் பிரேக்’ என்பன போன்ற ஒரு சொல்லைக் கையேட்டின்படி சேர்த்துக் கேட்கும் பழக்கம் ஏற்பட்டால், அதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. கோடை உழவு தொடங்குமுன் மூச்சுத்துளை, எண்ணெய் அளவு, எண்ணெயின் நிறம் ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டால், ஐப்பசி மழைக்குப் பின் மண்ணில் பதம் நிற்கும் அந்தச் சில நாள்களில் டிராக்டர் பட்டறையில் நிற்க வேண்டிய நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம்.